சுவராக நின்றவள்

மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கத்துக்குள் கால் வைக்கிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்கள். ஊறிப்போன மரத்தரை, காயாத காலுறை, வலித் தைலம், ஏதோ ஒரு மூலையில் செத்துக் கிடக்கிற எலி, எல்லாம் கலந்து ஒரு வாடை. கூரை கண்ட இடத்தில் ஒழுகும். ஒழுகுகிற இடத்துக்கு ஒரு வாளி. வாளிகளைச் சுற்றி ஓடித்தான் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சி எடுப்பார்கள். கோச்சுக்கு அந்த வாடை உறைத்ததே இல்லை. சாராயக் கடையில் வேலை பார்க்கிறவனுக்குச் சாராய வாடை தெரியுமா, அந்த மாதிரி.

அவருக்கு முன்னால் அந்த அணியைப் பார்த்துக்கொண்டவர் ஓட்டப் பைத்தியம். நெட்டையோ குட்டையோ, மூச்சு உண்டோ இல்லையோ, எல்லாரும் ஓடவேண்டும். ஓடி ஓடித் தோற்றார்கள். தோற்பதிலேயே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. எதிரணிப் பெண்கள் ஆட்டம் முடிகிறதற்கு முன்பே பையைக் கட்டிவிடுவார்கள்.

இவர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். ஓரத்துப் பலகையில் உட்கார்ந்து சும்மா பார்த்தார். யார் படியேறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் எந்தப் பக்கமாகத் திரும்புகிறாள், திட்டினால் யாருக்கு முகம் சிவக்கிறது, யாருக்குக் கை நடுங்குகிறது என்று பார்த்தார்.

"சார் தூங்குறாருடி" என்று அவர்கள் சிரித்தார்கள்.

அவர் மனைவிக்குத் துணி ஆல்டரேஷன் கடை. இடுப்பைப் பிடித்துவிடுவது, கையைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. கல்லூரியில் அவர் பெருமையாகச் சொல்கிற வசனம் அவளிடம் சுட்டதுதான்: "ஆளைப் பாத்துத்தான் சட்டை தைக்கணும். சட்டைக்கு ஏத்த மாதிரி ஆளை வெட்டக்கூடாது."

அப்படி அவர் அளவெடுத்த ஆட்கள் ஐந்து பேர்.

கொக்கு என்று எல்லாரும் கூப்பிட்ட நெட்டைப் பெண், இவ்வளவு உயரமாக வளர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறவளைப் போல முதுகை வளைத்து நடப்பாள். ஓட வராது. ஆனால் பந்து அவள் கைக்குப் போனால் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடும். அடுத்தவள் பட்டாசு. ஒரு மூச்சுவிட இடம் கிடைத்தால் எங்கிருந்து எறிந்தாலும் வளையத்தில் விழும். யாராவது முகத்துக்கு நேராகக் கையை நீட்டிவிட்டால் பதறிப்போவாள். பந்தை யாருக்கும் தரமாட்டாள். மூன்றாவது எறும்பு, சின்ன உருவம், முதுகிலும் கண். பந்தை யாருக்கு எப்போது கொடுக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாவது ஒரு தச்சரின் மகள். அப்பாவோடு மரம் தூக்கித் தூக்கித் தோள் அகன்ற பெண். வாயும் அதே அகலம்.

ஐந்தாவது அவருடைய சொந்த மகள். இரண்டாம் வருஷம் படித்தாள். வீட்டில் அப்பா, அரங்கத்தில் சார். அந்த வித்தியாசத்தை ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. எறிவதும் சுமார், ஓடுவதும் சுமார். ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. யாராவது அவள்மேல் வந்து மோதினால் ஒதுங்கமாட்டாள்.

அதை வைத்துத்தான் அவர் மொத்த ஆட்டத்தையும் கட்டினார். பட்டாசுக்கு வேண்டியது ஒரு மூச்சு இடம். அவளைத் துரத்தி வருகிறவளை யாராவது ஒரு கணம் தடுத்து நிறுத்தினால் போதும். மகள் வழியில் போய்ச் சுவர் மாதிரி நிற்பாள். பட்டாசு அந்தச் சுவரை உரசிக்கொண்டு வளைந்து ஓடுவாள். துரத்தி வருகிறவள் சுவரில் வந்து முட்டிக்கொள்வாள். அந்த இடைவெளியில் எறும்பு பந்தைக் கொடுப்பாள், பட்டாசு எறிவாள். கொக்கைக் காவல் காக்கிறவள் பதறிப்போய்ப் பட்டாசின் பக்கம் ஓடினால், வளையத்துக்கு அடியில் கொக்கு தனியாக நிற்பாள். ஸ்க்ரீன் என்று இதற்குப் பெயர். நிற்கிறவள் அசையக்கூடாது என்பது சட்டம். அசைந்தால் அவள்மேல்தான் தப்பு.

இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு விளக்கினார். கரண்டிகள், தம்ளர், மிளகுத்தூள் டப்பா எல்லாம் ஓடின.

"இதுல நம்ம பொண்ணு எது?"

உப்பு ஜாடியைத் தள்ளி வைத்தார்.

"இவ என்ன பண்ணுவா?"

"நிப்பா."

"நின்னு?"

"நின்னாப் போதும். அதான் பெரிய வேலையே."

"பஸ் ஸ்டாப்புலகூடத்தான் நிக்கிறா. அதுக்கு எதுக்குங்க காலேஜ், ஃபீஸு?"

மகள் முட்டையைக் கிள்ளித் தின்றுகொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் நல்ல மனசு இருந்தது.

ஜெயிக்க ஆரம்பித்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பையன்கள்கூட வந்து படிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். பட்டாசின் படம் கல்லூரி வாசலில் பெரிதாகத் தொங்கியது. கொக்கு முதுகை நிமிர்த்தி நடந்தாள். மகளுக்குச் சுவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "ஏய் சுவரு, சாப்பிட வர்றியா?" என்று கூப்பிடுவார்கள். ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள்.

விளையாட்டுத் துறைத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். அதுவரை கோச்சின் பெயரையே மறந்து போகிறவர், இப்போது தோளில் கை போட்டு நடந்தார். எந்நேரமும் வாயில் ஏதாவது அரைபட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய் விரலை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு அதே கையை நீட்டுவார். கோச் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு யாரும் பார்க்காதபோது கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். ஆனாலும் குலுக்கினார். ஜெயிக்கிறவன் கை எல்லார் கைக்கும் போகும்.

அரையிறுதி ஆட்டம். எதிரணி கோச் சும்மா இல்லை. இந்த வீட்டுக்குத் தூண் எது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். பட்டாசைத் துரத்த வேகமான பெண்ணை விடவில்லை. கனமான ஒருத்தியை விட்டான். அவள் பட்டாசைப் பிடிக்கவே இல்லை. நேராகச் சுவரின்மேல் வந்தாள், முழங்கையை மடக்கிக்கொண்டு.

முதல் இடி அக்குளுக்குக் கீழே. படிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டது. நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு எறிந்த பந்து விழுந்துவிட்டது. கூட்டம் கத்தியது. மகள் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, பலகையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

அவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினார். அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடு என்று அதற்கு அர்த்தம்.

திரும்ப ஆடினார்கள். திரும்ப இடி, திரும்பப் புள்ளி. ஒவ்வொரு தடவையும் அவள் அவரைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முஷ்டி உயர்ந்தது. இடி விழுகிறதற்கு முன்னால் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதை அவர் கவனித்தார். கண்ணை மூடினால் அசையாமல் நிற்கிறாள், நல்லதுதான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயித்தார்கள். பட்டாசைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். கையைத் தூக்க முடியாமல் மகள் மட்டும் ஓரமாக நின்று கை தட்டினாள், ஒரு கையால் தொடையில் தட்டி.

அன்றைக்குச் சாயங்காலம் குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இங்க வாங்க."

"என்ன?"

"வாங்கன்னா வாங்க. வந்து பாருங்க."

மகளால் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் அம்மா அந்த அணிச் சட்டையைப் பின்பக்கம் நீளவாக்கில் வெட்டியிருந்தாள். மகள் சுவரைப் பார்த்து நின்றாள். முன்னால் துண்டைப் பிடித்திருந்தாள்.

விலாவில் புதுக் காயம், சிவந்து வீங்கி. அதற்குப் பக்கத்தில் நீலம். அதற்குக் கீழே கருநீலம். தோள்பட்டையில் பச்சையும் மஞ்சளுமாகப் பழைய காயங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பல துணிகளை ஒன்றாக ஊறவைத்துச் சாயம் இறங்கிய தொட்டி மாதிரி. அவருக்கு எது எந்த ஆட்டத்தில் விழுந்தது என்று சொல்லமுடியும். இந்த மஞ்சள் முதல் வெற்றி. அந்தப் பச்சை மழையில் நடந்த ஆட்டம். அப்படி அடையாளம் சொல்ல வருகிறதே என்று நினைத்தபோது அவர் வாயில் புளித்த எச்சில் ஊறியது.

"இத்தனை நாளா என்கிட்டக் காட்டல இவ. கதவைச் சாத்திக்கிட்டுக் குளிச்சிருக்கா" என்றாள் மனைவி. "யாருடி பண்ணது இது?"

"யாரும் பண்ணலம்மா. ஆட்டத்துல படுறதுதான்."

"மத்தவளுகளுக்கும் இப்படித்தான் படுதா?"

மகள் துண்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.

அவளைப் படுக்கவைத்துவிட்டு மனைவி அடுப்படிக்கு வந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வெளியே மழை விட்டபாடில்லை.

"நான் உங்களை ஒண்ணு கேக்கணும். கோவப்படாமச் சொல்லுங்க."

"கேளு."

"நிக்கிறதுக்கு நல்ல உடம்புக்காரி வேணும், அவ்வளவுதானே?"

"உடம்பு மட்டும் பத்தாது. மோதினா ஒதுங்கக்கூடாது."

"அந்தத் தச்சர் பொண்ணு இருக்காளே. கடைக்கு வந்தப்ப அளவெடுத்திருக்கேன். இவளை மாதிரி ரெண்டு பேர் தோளு. ஒதுங்குற ஆளாவும் தெரியல. அவளை ஏன் நிறுத்தல?"

"அவளை மூலையில நிறுத்தியிருக்கேன்."

"மூலையில என்ன பண்றா?"

"பந்து வந்தா எறிவா."

"வருதா?"

"எப்பவாச்சும்."

"அப்ப சும்மா நிக்கிறா. நிக்கவேண்டிய உடம்பு சும்மா நிக்குது. சும்மா இருக்கவேண்டியது இடி வாங்குது. நீங்கதானே ஆளைப் பாத்துத் தைக்கிறவரு? ஏன் அவளை நிறுத்தல?"

அவர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். வாய்க்கு வந்தது உண்மையாகப் போய்விட்டது.

"அவளுக்கு ஒரு கீறல் விழுந்தாக்கூட அவங்கப்பா காலேஜ் வாசல்ல வந்து நிப்பாரும்மா. என் சட்டையைப் புடிப்பாரு. யாரு அந்தாளுகூட மல்லுக்கட்டுறது?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. மனைவி அதை இறக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அப்படி அவள் பார்த்து அவர் பார்த்ததில்லை. சாக்கடையில் கை விட்டவன் எதையோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

"அப்ப இவளுக்கு அப்பா இல்லையா?" என்றாள்.

தீய்ந்த வாடை அடித்தது. அவர்தான் போய் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் விலா எலும்பில் விரிசல். பல வாரம் ஓய்வு, பாரம் தூக்கக்கூடாது, ஆட்டம் என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர். இறுதி ஆட்டத்துக்கு அந்த வாரக் கடைசிதான் நாள்.

செய்தி கேட்டுத் துறைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவரே உரித்துத் தின்ன ஆரம்பித்தார். கொட்டைகளை உள்ளங்கையில் துப்பி, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

"சின்ன விரிசல்தானேப்பா? நம்ம காலத்துல காலை உடைச்சிக்கிட்டு ஆடியிருக்கோம். டேப்பை இறுக்கமாச் சுத்தி, ஒரு ஊசியைப் போட்டா மதியம்வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

"டாக்டர் வேணாம்னுட்டாரு சார்."

"டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு. உன் பொண்ணு, நீ சொல்லு. வேற வீட்டுப் பொண்ணுன்னாத்தான் யோசிக்கணும். இது உன் கைக்குள்ள இருக்கிற விஷயம்."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "நான் ஆடுறேன் சார்."

வீட்டுக்குள் அவள் அப்பாவைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முதல் பாதி மட்டும் நிற்கவைத்தால் என்ன, வலது பக்கம் மட்டும் இடி விழாமல் திருப்பி நிற்கவைத்தால் என்ன என்று அவர் மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது. வேண்டும் என்று நினைத்துப் போட்ட கணக்கு இல்லை. நாய்க்கு எலும்பைக் கண்டதும் வாயில் நீர் ஊறுகிற மாதிரி அதுவாக ஊறியது. எச்சில் தடவிய ஆரஞ்சுக் கொட்டைகளைப் பார்த்தார். தலைவரின் அரைபடுகிற வாயைப் பார்த்தார். தனக்கும் அந்த வாய்க்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார். அந்த ஆள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

"எந்திரிங்க சார்" என்றார்.

"என்னது?"

"கிளம்புங்க. பழத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"கோப்பை போச்சுன்னா என்னைக் கேக்காதே."

"கேக்கல. போங்க."

தலைவர் போனபிறகு கோச் மகளின் அறைக்கதவருகில் போய் நின்றார். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நீ ஆடவேணாம்."

"அப்ப எங்க அஞ்சாவது ஆளு? எனக்குப் பதிலா யாரு நிப்பா?"

"யாரும் நிக்கவேணாம். நான் பாத்துக்கிறேன்."

"நான் இல்லாம ஆட முடியாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? எனக்கு எறிய வராது, ஓட வராதுன்னு எனக்கே தெரியும். இது ஒண்ணுதான் வருது. அதனாலதான் நான் வாயைத் திறக்கல."

அவர் அவள் தலைமாட்டில் இருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்து, நிரம்பித்தான் இருந்தது, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அரங்கத்தில் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டார். கொக்கை வளையத்துக்கு அடியிலிருந்து வெளியே கூட்டிவந்து, வளையத்துக்கு எதிரே கோட்டின்மேல் நிறுத்தினார். "பந்தைத் தலைக்கு மேல தூக்கிப் புடி. யாருக்கும் எட்டாது. நீ எங்கயும் ஓடவேணாம். யாரு காலியா இருக்காளோ அவளுக்குக் குடு." பட்டாசையும் எறும்பையும் அவளைச் சுற்றி ஓடவிட்டார். பெஞ்சிலிருந்து ஒரு புதுப் பெண்ணை எடுத்து மூலையில் நிறுத்தினார். இத்தனை நாள் அந்த மூலையில் வேர்விட்டிருந்த தச்சர் மகளை அவிழ்த்துவிட்டார். அவள் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் புகுந்து வளையத்துக்கு ஓடுகிற வேகத்தைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். யாரும் யார்மேலும் மோதவேண்டிய தேவையே வரவில்லை. துரத்துகிறவள் பட்டாசைப் பார்த்தால் தச்சர் மகள் போய்விடுவாள். தச்சர் மகளைப் பார்த்தால் பட்டாசு போய்விடுவாள்.

பெண்கள் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். பந்து கை மாறுகிற சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. இதைவிட அழகான ஆட்டத்தை அவர் கட்டியதே இல்லை. முதல்முறையாக அந்த அரங்கத்தின் வாடை அவர் மூக்கில் ஏறியது. வெளியே போய் மழையில் நின்றார். "சாருக்கு உடம்புக்கு முடியலையாம்" என்று உள்ளே எறும்பு சொல்வது கேட்டது.

இறுதி ஆட்டத்துக்கு மகளும் வந்தாள். அம்மாவின் தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு, பலகையின் கடைசியில், அம்மா பக்கத்தில். எதிரணியில் சுவரை இடிக்க ஆள் தயார்பண்ணி வந்திருந்தார்கள். இடிக்கச் சுவர் இல்லை. கனத்த பெண்கள் வெறும் காற்றைத் துரத்தி மூச்சு வாங்கினார்கள். பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. கடைசியில் கொக்கு பந்தை முதுகுக்குப் பின்னால் கொடுத்து, தச்சர் மகள் போட்டபோது கூட்டமே எழுந்து நின்றது. தச்சர் தன் துண்டைச் சுழற்றிக்கொண்டு படிகளில் ஆடினார். கோச்சைக் கட்டிப்பிடித்து, "எம் பொண்ணைக் கண்டுபுடிச்சீங்களே சார்! நீங்கதான் சார் அவளுக்கு அப்பா!" என்றார்.

மகள் எழுந்திருக்கவில்லை. முழு ஆட்டத்தையும் அசையாமல் பார்த்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இதைச் சொல்லிக்குடுக்க எத்தனை நாளாச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ரொம்ப நாளாக யோசித்தது, இப்போதுதான் கைகூடியது என்று சொல்லியிருக்கலாம்.

"மூணு நாள்" என்றார்.

"மூணு நாள்தானா" என்றாள் அவள். அவ்வளவுதான். சட்டையின் நீளக் கையை விரல்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

துறைத் தலைவர் வந்து கோப்பையைக் கோச்சுடைய காரின் முன்சீட்டில் வைத்து அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டார். "நீதான்யா கோச்சு! நான் அப்பவே சொன்னேன்ல?" என்று முதுகில் தட்டினார். மகளும் மனைவியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

சாலை முழுக்க வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கும் அவர் காரை நிறுத்துகிற அளவுக்கு மெதுவாக்கி, முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பின்சக்கரத்தை ஏற்றி, இறக்கினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரனை அழுத்தித் தீர்த்தன. ஒருவன் பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான்.

"ஏம்ப்பா இப்படி உருட்டுறீங்க?" என்றாள் மகள் பின்னாலிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "சும்மா ஓட்டுங்க. நான் தாங்குவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த வேகத்தடைக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை இறங்கவில்லை.

"இறங்குங்க. நான் ஓட்டுறேன்" என்றாள் மனைவி.

அவர் சுற்றிவந்து முன்சீட்டில் இருந்த கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் அதில் கலர் பானத்தை ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்திருந்தார்கள். அடியில் மிச்சம் கிடந்தது. வெளியெல்லாம் பிசுபிசுவென்று, பத்துப் பேரின் வாயும் கையும் பட்டு ஒட்டியது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

மனைவி காரை எடுத்தாள். வேகத்தடையில் ஏறி இறங்கியதும், கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"வலிக்குதா கண்ணு?"

இன்னொரு வேகத்தடை ஏறி இறங்கியது. பிறகு, "வலிக்குதும்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதால் விலா வலிக்கும் என்று விட்டு விட்டு அழுதாள்.

இத்தனை மாதத்தில் அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்க்க முகம் இல்லாமல் முன்னால் பார்த்தபடி இருந்தார். கோப்பை சாய்ந்து, மிச்சப் பானம் கால்சட்டையில் வழிந்து தொடையோடு ஒட்டியது. அதைத் துடைக்க அவர் கை எடுக்கவில்லை. கையும் அதே பிசுக்காகத்தான் இருந்தது.